இணைப்பு: ஒரு புகைப்படம்

செய்தது நானில்லை,
உடைத்ததும் நானில்லை.
நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.
மன்னிப்பு மட்டும் என் சொந்தச் சரக்கு.

ப்ர்னோவில் நான்காம் மாடி.
டிராம் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் அறை.
காலை ஏழுக்கு ஹெட்செட்டை மாட்டுவதற்குள்
பதினேழு டிக்கெட்டுகள்.
ஒருவருக்குத் தேதி நேற்றோடு நின்றுவிட்டது.
ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்து
கோபம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.
ஓலொமோட்ஸிலிருந்து ஒரு கணக்காளர்,
"நான் எதையும் தொடவில்லை, தானாக நடந்தது" என்கிறார்.
லாகைத் திறந்து பார்க்கிறேன்:
9:14க்கு அழித்திருக்கிறார்.
9:15க்கு, சந்தேகத்துக்கு இன்னொரு முறை.
சொல்வதில்லை.
"சில சமயம் அப்படி ஆகும், ஐயா."

சனிக்கிழமை என்னைத் தேடாதீர்கள்.
சொபெஷித்சே காட்டில் இருப்பேன்.
கூடை, வளைந்த கத்தி, பழைய பல்துலக்கி,
அணைத்த கைபேசி சாக்ஸுக்குள்.
ஊரே காளான் பொறுக்கும் ஊர் இது,
வாணலியில் வெண்ணெய் உருகுவதை நினைத்தபடி.
எனக்குத் தின்பதில் ஆசை குறைவு. பெயர்தான் வேண்டும்.
காம்பில் வளையம் உண்டா,
வெட்டினால் நீலமாகிறதா,
ராத்திரி முழுக்கக் கறுப்புத் தாளில் கவிழ்த்தால்
உதிரும் தூள் என்ன நிறம்.
"லீவிலும் டிக்கெட்டா?" என்பான் ச்திராத்.
காளான் பொய் சொல்லாது என்பேன்.
அது உண்மையில்லை என்று எனக்கே தெரியும்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய், 11:40.
யிஹ்லவாவில் டயர் கிடங்கு, பொஹுமீர் க்ரட்டினா:
"லேபிள் பிரிண்டர் பாதியில் நிற்கிறது.
இணைப்பு: ஒரு புகைப்படம்."

சாய்ந்த படம். பாதி திரை, பாதி மேசை.
பிழை எண் ஃப்ளாஷில் வெளுத்துப் போயிருந்தது.
எண்ணைத் தேடிப் பெரிதாக்கினேன்,
இன்னும் பெரிதாக்கினேன்.
மேசை ஓரம், செய்தித்தாள்மேல்,
மின்னடுப்புக்கும் வெண்ணெய்த் துண்டுக்கும் நடுவே
ஐந்து.
ஆலிவ் பச்சைத் தொப்பி. வெள்ளைச் செவுள்.
பாவாடைபோல் தொங்கும் வளையம்.
நான்கைக் கத்தியால் அறுத்தவர்
ஒன்றை மட்டும் அடியோடு பிடுங்கியிருந்தார்.
அதன் காலடியில்
கிழிந்த முட்டையோடுபோல் வெள்ளை உறை.

பதில் தட்டவில்லை. அழைத்தேன்.
"பிரிண்டரா?"
"அடுப்பைப் பற்றவைத்தீர்களா?"
"என்னது?"
பச்சைப் புறாக்காளான் அது, என்றார்,
இருபது வருடமாய்ப் பறிக்கிறேன்.
எனக்குத் தெரிந்த ஒரே குரலில் கேட்டேன்,
கேபிள் செருகியிருக்கிறதா என்று கேட்கிற குரலில்:
அடியைப் பாருங்கள். உறை இருக்கிறதா?
வளையம்?
அடுத்ததில்?

இது உடனே எதையும் காட்டாது என்றேன்.
ராத்திரி வயிற்றைப் புரட்டும். பிறகு எல்லாம் சரியாகும்.
ரீஸ்டார்ட் செய்த கணினிபோல ஆள் எழுந்து நடப்பார்,
உள்ளே ஈரல்
கோப்பு கோப்பாய் அழிந்துகொண்டிருக்கும்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று
பின்வாங்கும் பீப் பீப்.

"லுபோர் ஒரு துணுக்கு கடித்துப் பார்த்தான்," என்றார்,
"கசக்கிறதா என்று. துப்பிவிட்டான்."
அப்போதுதான் என் கை நடுங்கியது.
துப்பினாரா, விழுங்கினாரா? அவரையே கேளுங்கள்.
நச்சு மையத்தின் எண் என் மானிட்டரில் ஒட்டியிருக்கிறது,
சர்வர் குழுவின் எண்ணுக்குக் கீழே.
இலக்கம் இலக்கமாய்ச் சொன்னேன்.
திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

ஆறு மணிக்கு டிக்கெட்டை மூட வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில் நான்கே தேர்வுகள்:
பயனர் பிழை, வன்பொருள், நெட்வொர்க், பிற.
முதலாவதன்மேல் சுட்டி கொஞ்சநேரம் நின்றது.
பிற.

ஒரு வாரம் கழித்துத் திருப்திப் படிவம் வந்தது.
ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.
"லுபோர் நலம். அக்கறையாகப் பேசினார்கள்.
பிரிண்டர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது."