முள்முள்ளாய்

ஒரே ஒருமுறை தேடினாள் ஐலா,
ஔலு நகரத்து நவம்பர் இரவில்:
விக், பழுப்பு, தோள்வரை.

அன்றிலிருந்து
வானிலைக்குள் விக்.
மீன்சூப் செய்முறைக்குள் விக்.
அலுவலகத் திரையில்,
சரியாக ரைஸா எட்டிப் பார்க்கும்போது,
விக்.

இரண்டு மாலைகள் செலவழித்து
தடுப்பானை நிறுவினாள்.
நாலாயிரத்துப் பன்னிரண்டு பேரை
வாசலோடு திருப்பியதாகக் கணக்குச் சொன்னது.
வங்கியையும் திருப்பிவிட்டது.
வாடகை கட்ட
ஒரு நிமிடம் கதவைத் திறந்தாள்.
வந்துவிட்டது,
இப்போது பாதி விலைக்கு.

"வெட்டி வேலை" என்றான்
பக்கத்து வீட்டு எர்க்கி,
ராத்திரி மறுபடி கொட்டப்போகும் பனியை
வாசலிலிருந்து தள்ளிக்கொண்டே.

அவள் பதில் சொல்லவில்லை.
கம்பளித் தொப்பிக்குள் விரல்விட்டுத் தடவினாள்:
அரை நகம் அளவு,
முள்முள்ளாய்.
எங்கேயும் தட்டிக் கேட்கவில்லை.

இன்னும்
ஒருவருக்கும் தெரியாது.