ஒற்றுத்தாள்

புயல் போன மூன்றாம் நாள்,
மொபைல் நகர ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்
இடுப்பளவுத் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது.
நனைந்த காகிதத்துக்கு வெயில் எமன்,
உறைகுளிர்தான் வைத்தியம்.
தெரியும். ஆனால் ஊரில் மின்சாரம் இல்லை.

கழிமுகத்தில் டோவானின் இறால் கிடங்கில்
ஜெனரேட்டர் ஓடுகிறது என்றார்கள்.
தொலைபேசியில் கெஞ்சினேன்.
"எத்தனை பவுண்டு?" என்றார்.
வரலாற்றை அப்படி எடைபோட்டுப் பழக்கமில்லை எனக்கு.
"நாலாயிரம் இருக்கும்."
"கொண்டு வாருங்கள்,
இறாலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்."

ஆக,
உயில்கள், சுங்கச் சீட்டுகள், சலவைக் கணக்குகள்,
மஞ்சள் காய்ச்சலில் போனவர்களின் குழி எண்கள்,
கடனோடு செத்த ஒருவனின் சாமான் பட்டியல்
(சட்டி ஒன்று, ஓட்டை;
கோவேறு கழுதை ஒன்று, கிழடு),
எல்லாம்
'பெரியது, தலை நீக்கியது' என்று அச்சடித்த
அட்டைப்பெட்டிகளில் ஏறி
ஏழு மாதம் உறைந்து கிடந்தன.

ஏப்ரலில் திரும்பி வந்தபோது
ஈரம் இல்லை. வாடை இருந்தது.
வில்லாடீன் தாள் தாளாகப் பிரிப்பாள்.
என் வேலை எண்ணுவது:
எத்தனை முழுசு, எத்தனை கிழிசல்.

பருத்தித் தரகர் ஒருவரின் பேரேடு, 1857.
லிவர்பூலுக்கு நாற்பது பொதி.
எலி கடித்தது மூன்று.
முதலாளி வீட்டுக்குச் சிப்பி, ஒரு பீப்பாய்.
அலுவலகம் பெருக்க டெம்பி, வயது பதினைந்து,
ஓராண்டு வாடகை அறுபது டாலர்,
அவளை உடைமையாய் வைத்திருந்த விதவையிடம் செலுத்தியது.

சிப்பிக்கும் டெம்பிக்கும்
ஒரே சாய்வெழுத்து.
எங்கும் கை நடுங்கவில்லை.
நடுவில் மை தொடக்கூட
அந்தக் குமாஸ்தா நிறுத்தவில்லை.

அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு
ஒரு இளஞ்சிவப்பு ஒற்றுத்தாள்.
'எழுதப்படாதது: ஒன்று' என்று குறித்துக்கொண்டேன்.
"கொஞ்சம் பொறு" என்றாள் வில்லாடீன்,
கைப்பையைத் துழாவி
பவுடர் டப்பாவைத் திறந்து
மூடியிலிருந்த கண்ணாடியைத் தாளுக்கு நேரே பிடித்தாள்.

முதலில் குமாஸ்தாவின் எண்கள்,
தலைகீழ்ப் பாடம் ஒப்பித்தவை, நேராக நின்றன.
அவற்றுக்குக் குறுக்கே, மூலையில்,
வேறொரு கை.

எழுதிய கை இல்லை, வரைந்த கை.
ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில்
மை குட்டையாய்த் தேங்கியிருந்தது.
கம்பம் நட்டது போல் ஒரு T.
மறுபடி ஒரு T. மறுபடி.
பிறகு துணிந்து, வரிசையாக:
T E M P I
அதோடு சரி.
குமாஸ்தா போட்ட கடைசி E இங்கே இல்லை.
படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதோ,
மை தீர்ந்ததோ,
என் பெயர் இவ்வளவுதான் என்று
அவளே முடிவு செய்தாளோ.

எழுதிய தாளை அடுப்பில் போட்டிருப்பாள்.
அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது
அன்று அங்கே குற்றம்.
ஒற்றி எடுத்ததை மறந்துவிட்டாள்.
அல்லது, மறக்கவில்லை.
நூற்றறுபது வருடத்துக்கும் மேலாக
காட்டிக்கொடுக்காத ஒற்றன் அது,
வெள்ளத்திலும் வாய் திறக்கவில்லை.

வில்லாடீன் வெகுநேரம் பேசவில்லை.
கண்ணாடியில் எழுத்துக்குப் பக்கத்தில்
அவள் முகத்தில் பாதி தெரிந்தது,
கொஞ்சம் பவுடர் தூசியும்.

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'எழுதப்படாதது' என்பதை அடித்தேன்.
மேலே என்ன எழுத என்று தெரியாமல்
அடித்தது அடித்தபடியே கிடக்கிறது.

மாலையில் டோவான் வந்தார்.
வாடகை வேண்டாமாம்,
வரிக்கணக்குக்கு ஒரு ரசீது போதுமாம்.
எழுதினேன்: காகிதம், நாலாயிரம் பவுண்டு,
ஏழு மாதம், இறாலை ஒதுக்கிய இடத்தில்.
வாங்கிப் படித்தார்.
பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
அதை அவரே போட்டுக்கொண்டார்.