எதிர் எடை

பேட்டரி இருபத்தெட்டுக் கிலோ.
மாங்காய்க் கமிஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்.
ஒற்றைப் பொருள், பாதியாக அறுக்க முடியாது.
சாய்ந்தால் ஆசிட் வழியும்.

சன்னாசி ஒன்றும் பேசாமல்
கொட்டகுடி ஆற்றில் இறங்கினார்.
நாலைந்து கல்லைப் புரட்டினார், தூக்கினார், வேண்டாமென்று போட்டார்.
கடைசியில் ஒன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தார்,
வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது.
தராசு முள் நடுவில் நின்றது.

"அரிசி ஏத்தலாமே அண்ணே, வெறுங்கல்லையா சுமக்கணும்?"
"அரிசிக்காரன் போனை எடுக்கலை.
கழுதைக்கு என்ன, ரெண்டு பக்கமும் சமமா இருந்தாப் போதும்.
உள்ள என்னன்னு அது கேக்காது."

கழுதையின் பெயர் கங்காணி.
நாலு எட்டு வைத்து ஒருமுறை திரும்பிப் பார்க்கும்,
எஸ்டேட்டில் ஆள் விரட்டிய யாரோ ஒருவரைப் போல.
பின்னால் வருகிறவன் நான்,
தோளில் ஒயர்ச் சுருள், பையில் டெஸ்டர், இரண்டு பல்பு.

இலவந்தோப்பு முடிகிற வரை
பஞ்சு பறந்து வந்து அதன் காதில் ஒட்டியது.
உதறும். இன்னொன்று ஒட்டும்.
பிறகு ஏற்றம்.
என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

கங்காணிக்குப் பாதையின் வெளி ஓரம்தான் பிடிக்கும்.
உள்பக்கம் நடந்தால் மூட்டை பாறையில் இடிக்குமென்று
எப்போதோ ஒருநாள் தெரிந்துகொண்டிருக்கிறது.
அன்று அந்தப் பக்கம் பேட்டரி.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை,
வெகு ஆழத்தில் ஆறு.

மூன்றாவது வளைவில் போன் சிணுங்கியது:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
"இன்னும் தேனி மாவட்டந்தான்" என்றார் சன்னாசி,
"காத்துல வர்றதுக்கு என்ன தெரியும்."

ஐந்தாவது வளைவில் நின்றுவிட்டது.
கயிற்றை இழுத்தேன். பின்னால் போய்த் தள்ளினேன்.
கெஞ்சினேன், திட்டினேன், மிக்சர் காட்டினேன்.
மிக்சரைத் தின்றது.
சன்னாசி பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.
யானையா என்றேன். இருக்கும் என்றார்.
குளம்பில் முள்ளா என்றேன். அதுவும் இருக்கும்.
இரண்டாவது பீடி முடிவதற்குள் அது தானாக நடந்தது.
ஏன் நின்றது, ஏன் கிளம்பியது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் இல்லை.
கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி இறங்கிய காலத்துப் பெயர்.
இப்போது கொஞ்சம் வீடுகள், ஒரு நாய், பாயில் காயும் மிளகு.

"ரெண்டையும் ஒண்ணா இறக்கணும்,
ஒண்ணை மட்டும் எடுத்தா சேணம் புரண்டு வயித்துக்குப் போயிரும்."
மூன்று எண்ணினார்.
பேட்டரியை அவர் வாங்கிக்கொண்டார்.
என் கைக்குக் கல் வந்தது,
கழுதையின் உடம்புச் சூடு அதில் ஏறியிருந்தது.

எங்கே வைக்க?
பவுன்தாய் வீட்டுப் பின்பக்கம் கைகாட்டினாள்.
அங்கே ஒரு குவியல்.
எல்லாம் உருண்டை, எல்லாம் வழவழப்பு,
ஆறே இல்லாத உயரத்தில் ஆற்றுக்கற்கள்.
கிரைண்டருக்கு எதிராக வந்தது, டிவிக்கு எதிராக வந்தது.
ஒன்றைக் காலால் தொட்டு
இது மாமனாருக்கு வந்த ஆக்சிஜனுக்கு என்றாள்,
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
பின்னொரு காலம் படித்தவன் எவனாவது வந்து
இங்கே ஆறு ஓடியது என்று எழுதிவிட்டுப் போவான்.

பல்பு எரிந்தது.
பகல் என்பதால் யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.
பேட்டரிக்கு, எனக்கு, கழுதைக்கு என்று
பவுன்தாய் எண்ணிக் கொடுத்தாள்.
கல்லுக்குத் தனிக்கூலி கிடையாது.

இறக்கத்தில் வெறுஞ்சேணம்.
கங்காணி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
நாங்கள் குரங்கணி வந்து சேர்ந்தபோது
அது ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தது.
காலையில் கல் பெயர்த்த குழியில்
கலங்கல் அடங்கிவிட்டிருந்தது.
அங்கேதான் வாய் வைத்துக் குடித்தது.