பாக்கி ஆயிரத்து முந்நூறு

ஐந்தே முக்காலுக்கு ஒலிபெருக்கி
மலாயில் பத்திலிருந்து கீழே எண்ணியது.
தொண்ணூற்றாறு பேர்.
நான்கு ஊக்குக் குத்திய என் எண் 71.
திடலுக்குப் பின்னால்
சுண்ணாம்புக் குன்று இன்னும் எழுந்திருக்கவில்லை,
கழுத்துவரை பனியை இழுத்துப் போர்த்திக் கிடந்தது.

ராத்திரி ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தேன்.
கையுறைத் தொழிற்சாலையில் என் வேலை
உறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் பார்ப்பது.
ஒரு சொட்டு கசிந்தால்
அந்தப் பெட்டி கப்பலேறாது.

சுங்கை சிப்புட் கடைத்தெரு தாண்டும்வரை தார்.
அப்புறம் செம்மண், இருபக்கமும் பால்மரம்,
கோப்பைகளில் பாலில்லை, நேற்றைய மழை.
எனக்கு முன்னால் இங் அங்கிள்.
மரம் சீவப் போகிறவர்கள் போடும்
கறுப்பு ரப்பர் சப்பாத்து, பன்னிரண்டு வெள்ளி.
அது ‘தப் தப்’ என்று போட்ட தாளத்தில்
என் மூச்சையும் கட்டி இழுத்துக்கொண்டு போனேன்.
அவருக்குத் தெரியாது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் செம்பனை.
நீளக் கழியின் நுனியில் அரிவாளோடு
வங்காளதேசத்துப் பையன்கள் இருவர்
வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.
‘யாருக்கா துரத்துறது?’
மலாயில்தான் கேட்டான் ஒருவன்.
பதில் சொல்ல மூச்சில்லை.
பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஒரு சந்தேகத்துக்கு.

தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை,
குளிர்தான் மாறியது.
தலைக்கு மேலே இருவாச்சி ஒன்று
பழைய மெத்தையை உதறுகிற மாதிரி
சிறகடித்துக் கடந்தது.
கொஞ்ச நேரம் கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.
திரும்பி வந்தபோது நண்பனைக் கூட்டி வந்திருந்தது.

பதின்மூன்றில் கயிறு.
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் சீருடைக்காரர்.
‘காஜா’ என்றார். நம்ம கஜம்தான்.
பதினான்காம் பிளாக்கில் ஏழு, குட்டியோடு.
பாதையின் நடுவே விட்டுப்போன சாணத்தில்
இன்னும் ஆவி பறந்தது.
எல்லாரும் குறுக்கு வழியே திரும்பினோம்.
இங் அங்கிள் மட்டும் நின்று
கைகூப்பிவிட்டு வந்தார்.

கடைசிக்கு முந்தி ஆறாவதாக வந்தேன்.
செயலாளர் ரோஸ்லான் பதக்கம் போட்டுவிட்டார்.
அதில் 21 என்று பொறித்திருந்தது.
என் கடிகாரத்தில் பத்தொன்பது புள்ளி எட்டு.
‘மீதியை யானைக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்’
என்று சிரித்தார்.
நல்ல மனிதர். நானும் சிரித்தேன்.

கமலவேணி மோட்டார் சைக்கிளை எடுத்து வைத்திருந்தாள்.
‘வா, பசியாறிட்டுப் போய்ப் படு.
கண்ணு ரெண்டும் மிளகாப்பழம்.’
பதக்கத்தைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினேன்.
‘இதைப் பாத்துக்க.’
‘எங்கடி போற?’

திடல் ஒரு சுற்று முந்நூற்று இருபத்தைந்து.
நான்கு வேண்டும்.

முதல் சுற்றில் வளைவு நின்றிருந்தது,
முடிவு என்று மூன்று மொழியில் எழுதி.
இரண்டாவதில் காற்றாடியை நிறுத்திவிட்டார்கள்,
வளைவு மெல்ல முழங்கால் மடக்கி
என் பக்கமாகக் குனிந்தது.
மூன்றாவதில் மைலோ வண்டி போய்விட்டது.
ரோஸ்லான் நாற்காலி அடுக்குவதை நிறுத்தி
என்னவோ கேட்க வாயெடுத்தார்,
கேட்கவில்லை.
பொட்டல மீஹூன் தின்றுகொண்டிருந்த இங் அங்கிள்
முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.
குன்று முழுசாக எழுந்து
வெளுத்த விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது.

நான்காவதில், கோடு இருந்த இடத்தில்
பையன்கள் செருப்பு இரண்டை வைத்துக்
கோல் கட்டியிருந்தார்கள்.
பந்து வேறு பக்கம்.
கோல்காரப் பொடியன், ஏழெட்டு வயது,
என்னைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான்,
ஒதுங்கி வழிவிட்டான்.

உள்ளே நுழைந்தேன்.

‘இது சேராது’ என்று கத்தினான்
எதிர் அணிக்காரனைப் பார்த்து.
கமலவேணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:
ரொட்டி ஆறிப்போச்சாம்.