அரைக் கிலோ

ஒன்று புள்ளி நான்காம் பதிப்பு வெளியான ராத்திரி
செவ்வாய்ப்பேட்டையில் மழை.
கீழே வெள்ளிப் பட்டறையில்
கொலுசுக்குத் திருகாணி வைத்துக்கொண்டிருந்தார்கள்.
மாடியறையில் நான்
தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து
எனக்கு நானே விருந்து வைத்தேன்.
என் மொழி இனி
இரண்டு மடங்கு வேகம்.

ஒன்பதாம் நாள் ஏற்காட்டிலிருந்து ஒரு வரி.
வணக்கம் இல்லை, பெயர்கூடக் கடைசியில்தான்.
"அரைக் கிலோ எங்கே போச்சு? ஜெனிட்டா."

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம்,
அங்கே அவர் கூலிக் கணக்கு.
யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்,
சனிக்கிழமை யார் கையில் எவ்வளவு:
நாற்பது வரி நிரல், என் மொழியில்.
மாறிகளுக்கெல்லாம் ஆட்களின் பெயர்.
சடைச்சி, வெள்ளையன், மாதம்மா,
இன்னொரு மாதம்மா.

தேடினேன். வேகத்துக்காக நான் கைவைத்த இடத்தில்
கம்பைலர் பின்னத்தைக் கண்டால்
வெட்டிவிட்டுப் போகிறது.
முப்பத்தேழரை, முப்பத்தேழு.
பிழைச்செய்தி கிடையாது.
தப்பைச் சத்தமில்லாமல் செய்ய
நான்தான் பழக்கியிருந்தேன்.

கீழே பட்டறையில்
பெருக்கிய தூசியை வாளியில் சேர்க்கிறார்கள்,
வெள்ளி இருக்குமென்று.

ஞாயிறு பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கொரு மன்னிப்பு வாசகம்.
பதின்மூன்றாவதில் குமட்டியதில்
எல்லாம் மறந்துபோயின.

"நான்தான் அந்த மொழியை…"
"தெரியுது. இந்தச் சாக்கைக் கொஞ்சம் பிடிங்க."

எடைமேடை அருகே, பழத்தோல் புளித்த வாடையில்,
இரண்டு சாவி பெயர்ந்த மடிக்கணினி.
முந்தின சனிக்கிழமைதான் கூலி குறைந்ததாம்.
மாதம்மா விரல்விட்டு எண்ணிப் பிடித்துவிட்டாராம்.
"எந்த மாதம்மா?"
"ரெண்டாவது."

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.
மூன்று ராத்திரி கம்பைலருக்குள் நடந்து
ஒரே ஒரு வரியைத் திருத்தியிருந்தார்.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
ஆளுங்க கூலி. தொடாதே.

"உள்ளே எப்படிப் போனீங்க?"
"திறந்துதானே வெச்சிருந்தீங்க."

வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையுமே என்றேன்,
வெட்கமில்லாமல்.
"வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுறேன்.
அது ஓடி முடிக்கிறதுக்குள்ள
டம்ளர் கழுவிடுவேன்."

அந்த வரியைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு
இருட்டில் இறங்கினேன்.
ஒன்று புள்ளி நான்கு புள்ளி ஒன்று.
படைத்தவர்கள் பட்டியலில்
என் பெயருக்குக் கீழே ஜெனிட்டா.
மாதம்மாவையும் சேர்த்தேன்,
எந்த மாதம்மா என்று குறிக்காமல்.

இப்போதெல்லாம் ஒரு பதிப்பு வெளியே போகுமுன்
முப்பத்தேழரையை அதன் தட்டில் வைக்கிறேன்.
அரை திரும்பி வரும்வரை
எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன மாதம் எங்கோ ஒரு நாட்டிலிருந்து
முகம் தெரியாத ஒருவர் கேட்டார்,
நல்ல மனிதர், நன்றாக நிரல் எழுதுபவர்:
ஆயிரத்து இருநூற்றாறாம் வரிக்கு மேல்
புரியாத எழுத்தில் என்னவோ கிடக்கிறதே,
நீக்கிவிடலாமா?

அதில் எழுதியிருப்பதே
அதற்குப் பதில் என்றேன்.