நான்கு இரவு, ஐந்து பகல்

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
ஆறாயிரம் கழிவு போனது, போகட்டும்.
மார்ச் முதல் வாரம்.
மே வந்தால் அங்கே மழை பிடித்துக்கொள்ளுமாம்.
கானாடுகாத்தானில் இருந்துகொண்டு
மழைக்குப் பயந்து தேதி பார்க்கும் முதல் ஆள்
நானாகத்தான் இருப்பேன்.

பதினோரு வருஷமாக
அடுத்தவர் விடுமுறைக்குத் தலையணை உறை மாற்றுகிறேன்.
செட்டியார் வீடு ஓட்டலானபின்
மாடியில் ஒன்பது அறை.
பிரான்சிலிருந்து வருகிறவர்கள்
தரையைப் படம் எடுப்பார்கள்,
முற்றத்தில் காயும் மிளகாயைப் படம் எடுப்பார்கள்.
துடைப்பத்தோடு நான் குறுக்கே போனால்
ஒதுங்கச் சொல்வதில்லை.
அப்படியே நில்லுங்கள் என்று கையைக் காட்டுவார்கள்.
எந்த எந்த ஊர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேனோ.

அடைக்கலம் பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்து
இடது பக்கம் செலவு எழுதுகிறார்,
வலது பக்கம் பயம்.
மதுரை வரை பஸ். அங்கிருந்து சென்னை.
அதற்கப்புறம் விமானமா கப்பலா?
கப்பல் மலிவு, மூன்று ராத்திரி.
"குட்டியானையில் முன்சீட்டிலேயே
வாந்தி எடுக்கிறவள் நீ"
என்று கப்பலை அடித்துவிட்டார்.
வலது பக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது:
நீச்சல் தெரியாது.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வரி.

பூமயிலுக்குக் கடல் என்றால் தொண்டி.
முழங்கால் வரை தண்ணீர், அதற்குக் கீழே சேறு.
அங்கே தண்ணீருக்குள் கண் திறந்தால்
தன் கால்விரல் தெரியுமா என்று
பத்து நாளாகக் கேட்கிறாள்.
என் யோசனை வேறு.
நைட்டியோடு இறங்கினால் அலை தூக்குமே.
கறுப்பு லெக்கின்ஸ் எடு என்றாள் விசாலம் அக்கா.
கன்னியாகுமரி வரை போனவள்,
பேச்சில் ஒரு தைரியம்.

அங்கே யார் இருக்கிறார்கள் என்கிறார்கள் தெருவில்.
யாரும் இல்லை.
கோயில் ஏதும்?
அதற்காகப் போகவில்லை.
பின்னே எதற்கு?

இந்த ஊரில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.
பர்மாவுக்கும் பினாங்குக்கும் போனவர்கள்
கணக்குப் பேரேட்டோடு போனார்கள்,
தேக்கோடு திரும்பினார்கள்.
வாரத்துக்கு ஒருதரம்
அந்தத் தூண்களை எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன்.
சும்மா போய்ச் சும்மா வந்த தூண்
அதில் ஒன்றுகூட இல்லை.

நேற்று போன் போட்டேன்.
எடுத்தவள் இந்தியில் தொடங்கினாள்,
என் இந்தியைக் கேட்டு இரக்கப்பட்டுத் தமிழுக்கு வந்தாள்.
வெந்நீர் வருமா?
கொசு உண்டா?
கடல் தெரியும் என்று போட்டிருக்கிறீர்களே,
கட்டிலில் இருந்தா, எட்டிப் பார்த்தாலா?
கேட்கக் கேட்க அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது.
சிடுசிடுக்கும் ஏழாம் நம்பர் அறை.
சட்டென்று சொன்னேன்:
"நானும் இதே வேலைதான்மா."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.
"அப்படின்னா உள்ளதைச் சொல்றேன் அக்கா.
கடல் பார்த்த அறையில் ராத்திரி பூரா
ஜெனரேட்டர் சத்தம்.
பின்னால, தென்னைப் பக்கம் எடுங்க.
ஆயிரத்து இருநூறு குறையும்."
பெயர் லூர்து. பிறந்ததே தீவில்தானாம்.
"அந்தப் பெரிய பெரிய வீடெல்லாம் உங்க ஊர்தானே?
ஒருதடவை வந்து பார்க்கணும்."
மே மாசம் மட்டும் வந்துடாதே என்றேன்.
அவளும் சிரித்தாள்.

தென்னைப் பக்கம். முன்பணம் போய்விட்டது.
நோட்டில் ஒரு வரிதான் பாக்கி:
கிளம்பும் அன்று தலையணைக்கடியில் எவ்வளவு வைப்பது.
நூறு போதும் என்கிறார் அடைக்கலம்.
எவ்வளவு வைத்தால்
நாம் படி இறங்கும்வரை திட்டுவார்கள் என்று
எனக்குத் தெரியும்.
நூறை அடித்து ஐந்நூறு ஆக்கினேன்.

அங்கே போய்ப் படுக்கையை மடிக்க மாட்டேன் என்று
பூமயில் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.
மடிக்க மாட்டேன்.
முதல் ராத்திரி,
இவர்கள் இருவரும் கடலைப் பார்க்க ஓடிய பிறகு,
மெத்தையின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்ப்பேன்,
விரிப்பை எப்படிச் செருகுகிறார்கள் என்று.