இருட்டாத மாதம்

மர அறுவை ஆலையின் எடைமேடையில்
கடைசி லாரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு
வீடு திரும்பும்போது மணி மூன்றரை.
தமுலா ஏரிக்கு மேல் அதற்குள் வெளிச்சம்.
ஜூனில் எங்கள் வோருவுக்கு ராத்திரி
வந்த சுவடே தெரியாமல் போய்விடும்,
கடன் கேட்க வந்து
கேட்காமலே திரும்பும் உறவுக்காரர் மாதிரி.

கப்டென் கேட்டருகே காத்திருக்கிறான்.
ஒற்றைக்கண் பூனை.
எனக்காக இல்லை, என் சாவிக்கொத்துக்காக:
சாவிக்குப் பின் கதவு, கதவுக்குப் பின் மீன்தலை.
டோல்ம் அப்படியல்ல.
தூசி என்று பொருள், நிறமும் அதுவே.
கண்ணாடிக் குடிலில் வெள்ளரிக்கொடிகளுக்கடியில்
வாளிக்குள் சுருண்டு கிடப்பாள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
ஒரு காது மட்டும் பதில் சொல்லும்.

அவர்களுடைய கிண்ணத்தில் யாரோ சாப்பிடுகிறார்கள்.
முள்ளெலி.
முன்னங்கால் இரண்டையும் கிண்ணத்துக்குள் ஊன்றி,
முதல் பந்தியில் உட்கார்ந்தவர் போல
அவசரமே இல்லாமல், சப்புக்கொட்டி.
போன வருடம் கப்டென் மூக்கை நீட்டிப் பார்த்தான்.
ஒருமுறைதான்.
இப்போது மூன்றடி தள்ளி உட்கார்ந்து
வேறெங்கோ பார்க்கிறான்,
விருந்துக்கு அழைத்ததே தான்தான் என்பதுபோல.

பட்டாணிக்கொடியை மான் மேய்ந்துவிட்டது.
பக்கத்து வீட்டு வெல்லோ சொன்னார்:
"சோப்புக்கட்டியைக் கட்டித் தொங்கவிடு,
அந்த வாசனைக்கு வராது."
ஏழு சோப்பு வாங்கினேன். லாவெண்டர்.
காலையில் பார்த்தால்
சோப்பை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் சுத்தம்.
வேலியோரம் குளம்புத்தடம், என் சுண்டுவிரல் நீளம்.
திட்ட வாயெடுத்தேன்.
பக்கத்தில் அதில் பாதிகூட இல்லாத இன்னொரு தடம்.
சோப்புகளை அவிழ்த்து சவுனாவுக்குக் கொண்டுபோனேன்.

பிர்ச் மரத்தில் ராஸ்தஸ் பறவைகளின் காலனி.
கூட்டுக்குக் கீழே யார் போனாலும்
குறிபார்த்து எச்சம் விடும்.
டோல்ம் ஒருநாள் ஏறிப் பார்த்தாள்.
பாதி மரத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.
இறங்கி வந்தது
சுண்ணாம்பு அடித்த பூனை.
மூன்று நாள் நக்கினாள்.
கொடியில் கிடந்த என் போர்வையும் தப்பவில்லை.
யார்மேல் வழக்குப் போடுவது?

யானி நெருப்பு அணைந்த மறுநாள்
கப்டென் படியில் கொண்டுவந்து வைத்தது
அந்த மரத்துக் குஞ்சு ஒன்று.
இன்னும் சூடு இருந்தது.
வாயோர மஞ்சள் மாறவில்லை.
நான் அவனைத் திட்டவில்லை, கொஞ்சவுமில்லை.
ருபார்ப் இலைகளுக்கடியில் குழி தோண்டினேன்.
மண்ணை மூடிய பிறகும்
மேலே தாய் கத்திக்கொண்டே இருந்தது.
அன்று மீன்தலை வைக்கையில்
கை கொஞ்சம் நின்றது.
பிறகு வைத்தேன்.

ஜூலையில் உரக்குழியைக் கிளறப் போனேன்.
மண்வெட்டியை ஓங்கினால் உள்ளே ஏதோ நெளிகிறது.
தலைக்குப் பின்னே இரண்டு மஞ்சள் பொட்டு,
விஷமில்லாத புல்லுப்பாம்பு.
அது நழுவிப் போன இடத்தில் முட்டைகள்,
ஊறி உப்பிய மொச்சை போல
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டேன்.
இந்த வருடப் பூசணிக்கு உரமில்லை.
"ஏன் இவ்வளவு சின்னதாய்க் காய்த்திருக்கிறது?"
என்று வெல்லோ கேட்டதற்கு
மழைமேல் பழிபோட்டேன்.

ஆகஸ்ட் பாதியில் ஒருநாள்
வீட்டு முன்னால் வண்டி விளக்கை அணைத்ததும்
ஒன்றும் தெரியவில்லை.
ராத்திரி திரும்பி வந்திருக்கிறது,
தாழ்ப்பாள் வரைக்கும்.
தடவித் தடவிப் படியில் உட்கார்ந்தேன்.
மடியில் ஏறிய எடை மூன்று கிலோ எழுநூறு:
டோல்ம்தான்.
எடைமேடைக்காரிக்கு அது கைப்பழக்கம்.
கணுக்காலில் உரசியது கப்டென்.
கிண்ணத்துப் பக்கம் சப்புக்கொட்டல்.
உரக்குழிக்கும் வேலிக்கும் நடுவே
சருகின்மேல் நூலை இழுப்பது போல
மெல்லிசாய் ஒரு சத்தம்.
பிறகு இன்னொன்று.
பிறகு
எண்ண முடியவில்லை.